சிவப்பு மை அடித்த கழித்தல் குறி

ரெஜினா இறந்துபோன செய்தியை எனக்குச் சொன்னது ஒரு பேனர். போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, காஞ்சிபுரம் வண்டியிலிருந்து உத்திரமேரூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன். கழிப்பிடச் சுவரை ஒட்டி இரண்டு பேர் பிளக்ஸ் பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அதில் ஒரு பெண்ணின் முகம். ஏதோ குழுப் படத்திலிருந்து வெட்டி எடுத்திருந்தார்கள். தோளில் யாருடைய விரல்களோ பாதியாக ஒட்டிக்கொண்டிருந்தன. பக்கத்தில், அந்த முகத்தைப்போல் இரண்டு பங்கு பெரிதாக, கைகூப்பியபடி எங்கள் டியூஷன் மாஸ்டர். 'எமது மையம் உருவாக்கிய கணிதச் சுடர் அணைந்தது' என்று எழுதியிருந்தது. அதற்குக் கீழே மையத்தின் முகவரியும் தொலைபேசி எண்ணும். 'புதிய சேர்க்கை நடைபெறுகிறது' என்ற வரி மட்டும்தான் இல்லை.

"யாரு இவங்க?" என்று பேனர் கட்டியவரிடம் கேட்டேன். தெரிந்தேதான் கேட்டேன். தெரியாது என்று அவர் சொல்லிவிட்டால் அந்தச் சாவு பொய்யாகிவிடும் என்பதுபோல.

"சாலவாக்கம் ரோட்ல லாரி அட்ச்சிட்சி சார். டீச்சரு. மணல் லாரி."

சாலவாக்கம் சாலையில் மணல் லாரிகள் எப்படிப் போகும் என்று உங்களுக்குத் தெரியும். ஆற்றை அள்ளிக்கொண்டு, நம்பர் பிளேட்டில் சேறு பூசிக்கொண்டு, பள்ளிக்கூடம் விடும் நேரம் வேலைக்குப் போகும் நேரம் என்று எதுவும் பார்க்காமல் போகும். ரெஜினா தன் ஸ்கூட்டியில் பள்ளிக்குப் போய்க்கொண்டிருந்தார். லாரி நிற்கவில்லை. இதுவரை பிடிபடவும் இல்லை. பிடிபடாது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நினைவேந்தல் கூட்டம் நடத்தினார்கள். நீங்கள் பலரும் வந்திருந்தீர்கள். நானும் கடைசி வரிசையில் இருந்தேன். மாஸ்டர் மைக்கைப் பிடித்து, "ஆறு வாட்டி பெயிலான பொண்ணு. என்கிட்ட வந்துச்சு. கையைப் புடிச்சு ஒவ்வொரு கணக்கா சொல்லிக் குடுத்தேன். ஏழாவது வாட்டி பாஸ். அதான் குரு அருள்" என்றார். கைதட்டினீர்கள். முதல் வரிசையில் ரெஜினாவின் கணவர் அருள், மடிப்புக் கலையாத புதுச் சட்டையில், தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். நான் எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எழுந்தேன். வெளியே போய் டீ குடித்தேன்.

அந்த டீயின் கசப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது. அதனால்தான் நம் ஊர்ப் பத்திரிகையில் இதை எழுதுகிறேன். ரெஜினாவைத் தெரிந்தவர்கள் நீங்கள். அவர் எப்படிக் கணக்குப் பாடத்தில் தேறினார் என்பதை, பேனரில் இருப்பதற்கு மாறாக, ஒருமுறையாவது படித்துவிடுங்கள்.

தொண்ணூறுகளில் எங்கள் பக்கத்திலிருந்து பி.எஸ்சி. வேதியியல் படிக்கப் போனவர்களுக்கு ஒரு குழி வெட்டி வைத்திருந்தார்கள். அதன் பெயர் அலைடு மேக்ஸ். வேதியியலில் நீங்கள் எவ்வளவு மதிப்பெண் வாங்கினாலும் இந்தத் துணைப்பாடத்தில் தேறாவிட்டால் பட்டம் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். முதல் நாள் வகுப்பில் பேராசிரியர் ஆங்கிலத்தில் ஏதோ எழுதிவிட்டு, "தமிழ் மீடியம் எல்லாம் கை தூக்குங்க" என்றார். பாதி வகுப்புக்கு மேல் கை தூக்கியது. "சரி, இறக்குங்க. உங்களுக்குப் புரியாது. மனப்பாடம் பண்ணிக்கங்க" என்று சொல்லிவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அந்த வருடம் முழுக்க நாங்கள் பார்த்தது அவர் முதுகைத்தான். அவர் கெட்டவர் இல்லை என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அந்த முதுகு போதும்.

ரெஜினா எனக்கு நான்கு வருடம் மூத்தவர். நான் கல்லூரிக்குள் நுழைந்தபோது அவர் படிப்பை முடித்து, அதாவது அலைடு மேக்ஸைத் தவிர எல்லாவற்றையும் முடித்து, வெளியே போயிருந்தார். கல்யாணம் ஆகி, வாலாஜாபாத்தில் ஓர் அரிசி ஆலையில் நெல் காயவைக்கும் வேலை செய்துகொண்டிருந்தார். அருளுக்கும் அங்கேதான் மூட்டை தூக்கும் வேலை. நான் மூன்றாம் வருடத்தை முடிப்பதற்குள் அவர் ஆறு முறை எழுதி ஆறு முறையும் தோற்றிருந்தார். நான் மூன்று முறை. ஆறு, மூன்று என்று எண்களைச் சொல்லும்போது சிரிப்பாகத்தான் இருக்கிறது. அப்போது சிரிப்பாக இல்லை. கல்லூரி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தார்கள்: பழைய பாடத்திட்டத்தில் தேர்வு எழுத இதுவே இறுதி வாய்ப்பு. இந்த முறையும் தவறவிட்டால் மூன்று வருடப் படிப்பும் குப்பை. பன்னிரண்டாம் வகுப்புச் சான்றிதழோடு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ரெஜினாவுக்கு பி.எட். படித்து ஆசிரியை ஆக வேண்டும். எனக்குக் களத்துமேட்டைத் தவிர வேறு எங்காவது போக வேண்டும். இருவருக்கும் குறுக்கே நின்றது அந்த ஒரு தேர்வுத் தாள்.

அதனால்தான் எல்லோரும் மாஸ்டரிடம் போனோம். பஜார் தெருவில் உரக்கடைக்கு மேல்மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வகுப்பு. அவர் பெயரை எழுதப்போவதில்லை. பேனரில் பெரிதாக இருக்கிறது, படித்துக்கொள்ளுங்கள். அவர் முறை எளிமையானது. தேர்வில் திரும்பத் திரும்ப வரும் முப்பது கணக்குகளைப் பொறுக்கி எடுத்து வைத்திருந்தார். நாற்காலியில் உட்கார்ந்து வரிவரியாகச் சொல்வார். நாங்கள் எழுதிக்கொள்வோம். பிறகு எல்லோரும் சேர்ந்து உரக்க ஒப்பிக்க வேண்டும். கணக்கை! 'ஈகுவல் டு மைனஸ் டூ இன்டு' என்று கோரஸாக. கீழே உரம் வாங்க வந்தவர்கள் மாடியில் பஜனை நடப்பதாக நினைத்திருப்பார்கள். கரும்பலகை ஒன்று இருந்தது. அதில் அவர் எழுதி நான் பார்த்ததே இல்லை. "கணக்கு புரியறதுக்கு இல்லடா, பாஸ் பண்றதுக்கு" என்பார். இதை ஒரு தத்துவம்போல வேறு சொல்வார்.

அந்த மாடியில் மூன்று பெஞ்சுகளும் ஒரு பாயும் இருந்தன. யாரும் யாரையும் இங்கே உட்கார் அங்கே உட்கார் என்று சொன்னதில்லை. ஆனாலும் காலனியிலிருந்து வந்தவர்கள் பாயில் உட்கார்ந்தார்கள். ஊரிலிருந்து வந்த நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். ரெஜினா பாயில். நான் இரண்டாவது பெஞ்சில். இதையும் நினைவேந்தலில் யாரும் சொல்லவில்லை.

அவரோடு நான் முதன்முதலில் பேசியது கிளை நூலகத்தில். செய்தித்தாள் படிக்கப் போயிருந்தேன். மூலை மேசையில் ரெஜினா ஒரு வார இதழை விரித்து அதற்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார். இதழுக்குள் வேறொரு புத்தகம் இருந்தது. ஆறாம் வகுப்புக் கணக்கு. அட்டை கிழிந்து, யாரோ ஒரு பிள்ளை படங்களுக்கெல்லாம் மீசை வரைந்து வைத்த புத்தகம். பழைய பேப்பர் கடையில் ஆறு, ஏழு, எட்டு என்று மூன்று வகுப்புக்கும் வாங்கியிருந்தார்.

நூலகரும் அதைப் பார்த்துவிட்டார். "இன்னாமா, காலேஜ் முட்ச்சிட்டு ஆறாங்கிளாஸ் புக்க வச்சிக்கினு கீற?"

"வர்ற வழியில ஒண்ண வுட்டுட்டேன் சார். எடுக்க வந்து கீறேன்" என்றார் ரெஜினா.

நூலகர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். நான் போகவில்லை. ரெஜினா பின்னத்தைப் பின்னத்தால் வகுத்துக்கொண்டிருந்தார். ஏன் தலைகீழாக்கிப் பெருக்குகிறோம் என்று என்னைக் கேட்டார். பட்டப்படிப்பு வரை வந்த எனக்குத் தெரியவில்லை. "அப்டித்தான் போடுவாங்க" என்றேன்.

"அது பதில் இல்ல, தம்பி. யாரோ போட்டாங்க, நீயும் போட்ட. ஏன்?"

அன்றிலிருந்து சனிக்கிழமைகளில் இருவரும் அந்த மூலையில் உட்கார்ந்தோம். அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தார் என்று யாரும் எழுதிவிட வேண்டாம். இருவருக்கும் ஒன்றும் தெரியாது. அதுதான் நல்ல விஷயம். ஒருவர் கணக்குப் போட்டால் இன்னொருவர் ஒவ்வொரு வரியிலும் ஏன் என்று கேட்கலாம். "நோட்ல அப்டித்தான் கீது" என்று மட்டும் சொல்லக் கூடாது. சொன்னால் தண்டனை உண்டு. போட்டதை எல்லாம் அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்க வேண்டும். "மொத வரியிலேர்ந்து வா" என்பார் ரெஜினா. தன்னையும் விடமாட்டார். ஒருமுறை இரண்டு பக்கம் போட்டு, கடைசி வரியில் என் கேள்விக்கு அவர் வாயிலிருந்தே "நோட்ல..." என்று வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டு இரண்டு பக்கத்தையும் குறுக்கே அடித்தார். பின்னத்தில் ஆரம்பித்து, கழித்தலைக் கழித்தலால் பெருக்கி, சமன்பாடு வழியாக மேட்ரிக்ஸ் என்கிற அணிகள் வரை வர எங்களுக்கு ஐந்து மாதம் ஆனது. எங்கள் பள்ளிக்கூடங்கள் பன்னிரண்டு வருடத்தில் செய்யாததைச் செய்ய ஐந்து மாதம்தான் ஆனது என்பதை நினைத்தால், எனக்குப் பெருமை வரவில்லை, வயிறு எரிகிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நூலகத்துக்குள் நான் அவரை 'அக்கா' என்று கூப்பிட்டேன். வெளியே வந்தால் எதுவும் கூப்பிட்டதில்லை. பேருந்து நிலையத்தில் எதிரே வந்தால் செய்தித்தாள் கடைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். என் ஊர்க்காரர்கள் யாராவது நின்றிருப்பார்கள். ரெஜினா அதைக் கவனிக்காததுபோலக் கடந்துபோவார். கவனிக்காதவராக அவரை உங்களில் யாருக்காவது தெரியுமா?

தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவரிடம் ஒரு நோட்டு வாங்குவதற்காக வாலாஜாபாத் ஆலைக்குப் போனேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் யாரும் இல்லை என்ற தைரியம்தான். மதிய நேரம். நெல்லைக் குவித்துவிட்டு அடுத்த ஈடு நெல் வருவதற்காகக் காத்திருந்தார்கள். கோயில் மைதானம் அளவுக்குப் பெரிய சிமெண்டுக் களம் காலியாகக் கிடந்தது. ரெஜினா நடுக்களத்தில் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு குந்தியிருந்தார். கையில் செங்கல் துண்டு. களத்தில் ஆள் உயரத்துக்கு ஓர் அணி. மூன்று வரிசை, மூன்று நிரல். அதற்குப் பக்கத்தில், நோட்டில் இருந்தபடி வரிவரியாகப் போட்டு எடுத்த அதன் நேர்மாறு.

மேஸ்திரி நிழலில் இருந்து கத்தினார். "யம்மா ரெஜினா! நெல்லு காயப் போடச் சொன்னா கோலம் போட்டுக்கினு கீறியா?"

"மார்கழி வரட்டும் மேஸ்திரி, உங்க வூட்டு வாசல்லயும் போட்டுத் தரேன்!"

என்னைப் பார்த்ததும் வாயேன் என்று கையசைத்தார். அது மாஸ்டர் சொல்லிக்கொடுத்த கணக்கு. ஒவ்வொரு வருடமும் வரும், பத்து மதிப்பெண், இதை விட்டால் ஆள் அவுட் என்று அவர் நூறு முறை ஒப்பிக்கவைத்த கணக்கு. "ஒரு அணியையும் அதோட நேர்மாறையும் பெருக்குனா இன்னா வரணும்?" என்று கேட்டார் ரெஜினா.

"மூலைவிட்டத்துல எல்லாம் ஒண்ணு. மத்த எடத்துல சைபர்."

"பெருக்கிப் பாரு."

செங்கல்லை வாங்கி நானே பெருக்கினேன். ஒன்று வரவேண்டிய முதல் மூலையில் அசிங்கமாக ஒரு பின்னம் வந்தது. மறுபடி பெருக்கினேன். அதே பின்னம். ரெஜினா என்னை மேலே மேலே கூட்டிப் போனார், வரிவரியாக, களத்தில் நடந்தே. ஒரு வரியில் ஏழு என்று இருந்தது. அந்த இடத்தில் கூட்டலும் கழித்தலும் மாறி மாறி வரும் விதிப்படி கழித்தல் ஏழு வரவேண்டும். மாஸ்டர் அந்தக் குறியை விட்டுவிட்டார். எத்தனை வருடமாகவோ விட்டிருக்கிறார். அவரிடம் படித்தவர்கள் எத்தனை பேர் அந்தத் தவறைப் பாடமாகப் பாடியிருக்கிறார்கள்! யாரும் பெருக்கிப் பார்க்கவில்லை.

ரெஜினா கழித்தல் குறியைப் போட்டுவிட்டு மறுபடி பெருக்கினார். ஒன்று, ஒன்று, ஒன்று. மற்றதெல்லாம் சைபர். எழுந்து நின்று இடுப்பில் கைவைத்துக் களத்தைப் பார்த்தார். அப்படி ஒரு முகத்தை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. "நேரா கீது பாத்தியா" என்றார். அவ்வளவுதான். கொஞ்ச நேரத்தில் அடுத்த ஈடு நெல் வந்து எல்லாவற்றின் மேலும் கொட்டப்பட்டது.

ஞாயிற்றுக்கிழமை வகுப்பில் அவர் பாயிலிருந்து எழுந்து மாஸ்டரிடம் தன் நோட்டைக் கொண்டுபோனார். "சார், இந்த எடத்துல ஒரு மைனஸ் வரணும் சார். பெருக்கிப் பாத்தேன்" என்றார். மெதுவாகத்தான் சொன்னார். அந்த ஆள் பெருக்கிப் பார்க்கவில்லை. நோட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை.

"எத்தன அட்டெம்ப்ட் நீ?"

"ஆறு சார்."

"ஆறு வாட்டி பெயிலானது எனக்குச் சொல்லிக்குடுக்க வந்துட்சி! நெல்லு தொழாவற கைக்கு மேட்ரிக்ஸ் கேக்குது." பெஞ்சுகள் சிரித்தன. சட்டைப் பையிலிருந்து சிவப்பு மைப் பேனாவை எடுத்து, ரெஜினா போட்டிருந்த கழித்தல் குறியை அடித்தார். பக்கத்தில் '7 சரி' என்று எழுதி, டிக் போட்டு, தேதியிட்டுக் கையெழுத்தும் போட்டார். "இந்தா. பிரேம் போட்டு வூட்ல மாட்டிக்கோ."

பெஞ்சுகளோடு நானும் சிரித்தேன். சத்தமாக இல்லை. ஆனால் சிரித்தேன்.

தேர்வன்று காலை கல்லூரி வாசலில் ரெஜினா ஒவ்வொருவரிடமும் போய்ச் சொன்னார். "அந்த ஏழுக்கு முன்னாடி மைனஸ் போட்டுடுங்கப்பா. நம்பலன்னா பெருக்கிப் பாருங்க, அஞ்சு நிமிசம்." ஒருத்தன், "போக்கா, கடைசி நேரத்துல பேஜார் பண்ணாத" என்றான். இன்னொருத்தி காதைப் பொத்திக்கொண்டு மனப்பாடத்தைத் தொடர்ந்தாள். என்னிடம் அவர் வரவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்திருப்பார்.

அந்தக் கணக்கு வந்தது. ஓர் எண்கூட மாறவில்லை. அந்த வரிக்கு வந்ததும் பேனா நின்றது. எனக்குத் தெரியும். என் கையால் பெருக்கிப் பார்த்தவன் நான். ஏழு என்று எழுதினேன். குறி போடவில்லை. அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

முடிவுகள் வந்தபோது எங்கள் டியூஷனில் எழுதிய இருபத்து நான்கு பேரில் இருபத்து மூன்று பேருக்கு மதிப்பெண் இல்லை. 'நிறுத்திவைப்பு' என்று வந்தது. இருபத்து மூன்று விடைத்தாள்களில் ஒரே இடத்தில் ஒரே தவறு; கூட்டாகக் காப்பியடித்ததாகச் சந்தேகம். விசாரணையில் நிரூபணமானால் தேர்வு ரத்து. இறுதி வாய்ப்பும் அதோடு போய்விடும். இருபத்து நான்காவது ஆள் ரெஜினா. அறுபத்தெட்டு மதிப்பெண்ணில் தேறியிருந்தார்.

நாங்கள் மாஸ்டரிடம் ஓடினோம். விசாரணைக்கு வந்து, இது உங்கள் நோட்டு என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள் என்று கெஞ்சினோம். சிலர் காலில் விழுந்தார்கள். "என் நோட்டா? என் கையெழுத்துல ஒரு வரி காட்டு பாக்கலாம்" என்றார். அவர் எதையும் எழுதியதே இல்லை. சொன்னதை நாங்கள்தான் எழுதினோம். "நீங்க தப்பா எய்திக்கினதுக்கு நான் இன்னா பண்றது? என் பேரக் கெடுக்காதீங்க. கெளம்புங்க." கணிதச் சுடர்களை உருவாக்கும் குரு அன்று சொன்னது இதுதான். அன்று அந்த மாடிப்படியில் இறங்கியவர்கள் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். அவர்களில் நான்கு பேர் நினைவேந்தலில் கைதட்டியதைப் பார்த்தேன்.

விசாரணை கல்லூரியில், ஒரு வகுப்பறையில் நடந்தது. மூன்று பேராசிரியர்கள். நாங்கள் இருபத்து மூன்று பேரும் குற்றவாளிகள்போல இரண்டு வரிசையில். பாதியில் கதவருகே ரெஜினா வந்து நின்றார். அன்றைய கூலியை விட்டுவிட்டு வந்திருக்கிறார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை. எங்களில் ஒருவருக்குக்கூட அவரைக் கூப்பிட முகம் இருக்கவில்லை.

"நீ பாஸ் ஆயிட்டியேம்மா. உனக்கு இங்க என்ன வேலை?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"சார், இவங்க காப்பி அடிக்கல சார். ஒப்பிச்சாங்க. ரெண்டும் வேற சார்."

நோட்டை மேசைமேல் விரித்தார். சிவப்பு மை, '7 சரி', டிக், தேதி, கையெழுத்து. அந்த ஆள் தன் வாழ்நாளில் எங்களுக்கு எழுதிக்கொடுத்த ஒரே வரி. அவர்கள் தங்களுக்குள் பார்த்துக்கொண்டார்கள். "அப்போ உனக்கு மட்டும் இது தப்புன்னு எப்படித் தெரிஞ்சுது?" என்று இன்னொருவர் கேட்டார். கேலியாகத்தான் கேட்டார்.

ரெஜினா சாக்பீஸை எடுத்துக் கரும்பலகைக்குப் போனார். அணியை எழுதினார், நேர்மாறை எழுதினார், தவறான ஏழோடு பெருக்கிக் காட்டினார், குறியைப் போட்டுவிட்டு மறுபடி பெருக்கினார். பலகையைப் பார்த்து எழுதினாலும், ஒவ்வொரு வரிக்கும் எங்கள் பக்கம் திரும்பி, ஏன் என்று சொன்னார். அந்தக் கட்டடத்தில் முதன்முறையாக ஒருவர் எங்கள் முகத்தைப் பார்த்துக் கணக்குச் சொன்னார். தமிழில் சொன்னார்.

"யார்கிட்ட படிச்ச இதை?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர். இப்போது குரலில் கேலி இல்லை.

"ஆறாங்கிளாஸ் புக்கு சார். பழைய பேப்பர் கடையில கீது."

அந்தக் கணக்குக்கு மட்டும் சைபர் போட்டு மற்றவற்றைத் திருத்துவது என்று முடிவானது. இருபத்து மூன்று பேரில் பதினான்கு பேர் தேறினோம். எனக்கு நாற்பத்தொன்று. தேற வேண்டியது நாற்பது. இன்று நான் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன் என்றால் அந்த ஒரு மதிப்பெண்ணால் இல்லை. தான் தேறிய பிறகும் எங்களுக்காகக் கதவருகே வந்து நின்ற ஒருவரால்.

விசாரணை முடிந்ததும் எல்லோரும் கேன்டீனுக்குப் போனார்கள். நன்றி என்று ஒருவர்கூடச் சொன்னதாக நினைவில்லை. ரெஜினா பேருந்து நிறுத்தத்தில் தனியாக நின்றார். நான் பக்கத்தில் போனேன். அவர் என்னைப் பார்க்காமல் சாலையைப் பார்த்தபடி கேட்டார்.

"அந்த இருபத்தி மூணுல நீயும் ஒருத்தன். களத்துல நீதான பெருக்குன?"

"ஆமா."

"ஏன்?"

என் பின்னால் என் ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் வந்துகொண்டிருந்தார்கள். "சார் நோட்ல அப்டித்தான..." என்று ஆரம்பித்தேன்.

ரெஜினா சிரித்தார். கோபித்திருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. கையில் இருந்த நோட்டை என்னிடம் கொடுத்தார். "மொத வரியிலேர்ந்து வா. பதில் வந்தா நோட்டத் திருப்பிக் குடு." பேருந்து வந்தது. ஏறிப் போய்விட்டார்.

பிறகு பி.எட். முடித்தார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்துவிட்டு, முறை வரும் என்று காத்திருந்தார். வரவில்லை. தனியார் பள்ளி ஒன்றில் வேதியியலும் கணக்கும் எடுத்தார். அங்கே அவர் கொண்டுவந்த ஒரே சட்டம் உங்கள் பிள்ளைகளுக்குத் தெரியும்: விடையைப் பெருக்கிப் பார்க்காமல் நோட்டை மூடக் கூடாது. எப்போதாவது என்னைப் பேருந்தில் பார்ப்பார். "இன்னா, பதில் வந்துச்சா?" என்று கேட்பார். இன்னும் இல்லை என்பதுபோலத் தலையாட்டுவேன். கடைசியாகப் பார்த்தது சாவதற்கு மூன்று மாதம் முன்பு, சாலவாக்கம் கூட்டுச்சாலையில். "அந்த நோட்ட எலி தின்னுடப் போவுது" என்றார். இருவரும் சிரித்தோம். அன்றைக்கும் நான் அவரை எதுவும் கூப்பிடவில்லை. பக்கத்தில் ஆட்கள் இருந்தார்கள்.

எலி தின்னவில்லை. நோட்டு என் மேசையில் இருக்கிறது. பேனரை நம்புகிறவர்கள் வந்து பார்க்கலாம். சிவப்பு மை கொஞ்சம் மங்கியிருக்கிறது, கையெழுத்து தெளிவாகத் தெரிகிறது. நினைவேந்தலில் வாசிக்கப்பட்ட இரங்கல் தீர்மானங்கள் எனக்கு வேண்டாம். இந்த நோட்டும் அதோடு அவர் கேட்ட ஒரு வார்த்தைக் கேள்வியும் என்னிடம் இருக்கட்டும்.

பதில் எனக்கு அன்றே தெரியும். சொல்லத்தான் இத்தனை வருடமும் ஒரு சாவும் தேவைப்பட்டன. மாஸ்டர் சொன்னார் என்பதற்காக நான் ஏழு எழுதவில்லை. அவர் தப்பு என்பது எனக்குத் தெரியும். குறியைப் போடச் சொன்னது பாயில் உட்கார்ந்தவர். அவர் சொன்னது சரி என்று எழுதினால், இரண்டாவது பெஞ்சில் நான் எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்ற கேள்வி வந்துவிடும். அதற்காகத்தான் என் பட்டத்தையே பணயம் வைத்து ஒரு தவறை எழுதினேன்.

நோட்டைத் திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை. ஊரே படிக்கிற தாளில் எழுதுகிறேன். முதல் வரியிலிருந்து வருகிறேன், அக்கா.